எம்ஜிபி 18ஜிபி எஞ்சினில் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர்: பொருத்தும் முன் பார்க்க வேண்டியவை

#1 ரோட்ஸ்டர்67

1967 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 18ஜிபி எஞ்சின். 1798 சிசி, ஐந்து மெயின் பேரிங், கம்ப்ரஷன் 8.8. இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்பரேட்டர், லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில்) என எல்லாமே கம்பெனி விட்டபடி இருக்கிறது. ஈட்டன் எம்45 ப்ளோயரும் (சூப்பர்சார்ஜர், பெல்ட்டில் ஓடி எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் பம்ப்) ஒற்றை எச்ஐஎஃப்44 கார்பரேட்டரும் கொண்ட கிட் பொருத்த வேண்டும். கார்பரேட்டர் முன்னால், ப்ளோயர் பின்னால், அதாவது ப்ளோயர் மிக்சரை உறிஞ்சித் தள்ளும் வகை. பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தம்) 6 பிஎஸ்ஐ. பெட்ரோல் 99 ஆக்டேன் இ5.

மூன்று கேள்விகள். ஹெட்டைக் கழற்றிக் கம்ப்ரஷனைக் குறைக்காமல் முடியுமா? டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே விடலாமா? ப்ளோயர் புல்லியைச் சின்னதாக்கி 9 பிஎஸ்ஐ வரை போனால் என்ன ஆகும்?

#2 திருப்புளி

தம்பி, பெட்டியைப் பிரிக்கும் முன்னாடி எஞ்சினைப் பாருங்க. தேய்ஞ்ச எஞ்சினுக்கு ப்ளோயர் போட்டா தேய்மானம் சீக்கிரம் வெளியே தெரியும், அவ்வளவுதான் லாபம்.

எஞ்சின் சூடா இருக்கும்போது நாலு பிளக்கையும் கழட்டி, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு கம்ப்ரஷன் எடுங்க. நாலுக்கும் நடுவே 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது. ஒண்ணு மட்டும் குறைஞ்சா அந்த சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி எடுங்க. ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வ் இல்லைன்னா கேஸ்கெட்.

அடுத்து ஹெட் நட். 50 பவுண்ட்-அடி, நியூட்டன் மீட்டர்ல 68. ராக்கர் ஸ்டாண்டைப் பிடிக்கிற ஸ்டட்ல சிலது ஹெட் ஸ்டட்டும்தான், அதனால ஹெட்டை இறுக்கினா டெப்பட் இடைவெளி (வால்வ் கிளியரன்ஸ்) மாறும். முதல்ல ஹெட், அப்புறம்தான் டெப்பட். அளவு 0.38 மி.மீ. இந்த வேலைக்கு டெப்பட் நெருக்கமா இருக்கவே கூடாது. இன்லெட் வால்வ் முழுசா உட்காரலைன்னா நெருப்பு மேனிஃபோல்டுக்குத் திரும்பும். கம்பெனி எஞ்சின்ல அது ஒரு 'டப்' சத்தத்தோட போயிடும். இங்க மேனிஃபோல்டும் ப்ளோயரும் முழுக்க பெட்ரோல் மிக்சர் நிக்குது. கிட்ல பேக்ஃபயர் ரிலீஃப் வால்வ் இருந்தா அதை அடைச்சுடாதீங்க.

கம்ப்ரஷன் கேள்விக்குப் பதில்: 6 பிஎஸ்ஐ-யை 14.7-ஆல வகுத்து 1 கூட்டினா 1.41. அதை 8.8-ஆல பெருக்கினா 12.4, அதாவது பூஸ்டையும் சேர்த்த கம்ப்ரஷன். 8.0 கம்ப்ரஷன் எஞ்சினா இருந்தா 11.3-ல நின்னிருக்கும். இரும்பு ஹெட்டுக்கு 12.4 ஓரத்துல நிக்கிற கணக்கு. 99 ஆக்டேன், சரியான டைமிங், 12-க்குக் கிட்ட காற்று-எரிபொருள் விகிதம், இந்த மூணும் இருந்தா ஹெட்டைக் கழட்ட வேண்டாம். ஒண்ணு தப்பினாலும் இந்த ஓரத்துல நிக்காது.

#3 யாழ்_கராஜ்

டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே விட வேண்டாம். அதுதான் இந்த வேலையில் முதல் வேலை. ப்ளோயரை ஒரு சனி ஞாயிறில் போட்டு முடிக்கலாம். டைமிங்கைச் சரி செய்யாமல் முழு ஆக்சிலேட்டரில் ஏற்றத்தில் ஒரு தரம் போனாலே ரிங் லேண்ட் (பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே உள்ள மேடு) உடையக் காணும்.

பாருங்கோ: நிலையான டைமிங், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் பொறி வருகிறது என்பது, 10 டிகிரி. வேகம் ஏற ஏற விரியும் உள் எடைகள் டிஸ்ட்ரிபியூட்டரில் 10 டிகிரி தருகின்றன, கிராங்க்கில் அது 20. மொத்தம் 30. பூஸ்ட் இல்லாத 18ஜிபிக்கு அது சரி. 8.8 கம்ப்ரஷன், 6 பிஎஸ்ஐ என்றால் முழுச்சுமையில் 24 முதல் 26-க்கு மேல் கொடுக்க வேண்டாம். முதல் ஓட்டத்துக்கு 22 வைத்துத் தொடங்குங்கோ.

பலர் செய்யும் பிழை, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி நிலையான டைமிங்கை 4-க்கு இறக்குவது. மொத்தம் 24 வந்துவிடும், உண்மைதான். ஆனால் கீழ் ஆர்பிஎம்மில் வண்டி சோம்பும், ஐடிலில் சூடேறும், எக்ஸாஸ்ட் சிவக்கும். இந்த ஹெட்டில் 2-ஆம் 3-ஆம் சிலிண்டர்களுக்கு எக்ஸாஸ்ட் போர்ட் ஒன்றுதான். ஏற்கெனவே சூடான இடம் அது.

சரியான வழி, எடைகள் உட்காரும் தட்டின் நிறுத்தத்தை மாற்றி 10 டிகிரியை 7 ஆக்குவது. அந்தத் தட்டிலேயே எண் அடித்திருக்கும், அது டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி, இரண்டால் பெருக்க வேணும். நிலையான 10-உடன் 14 சேர்ந்தால் 24. நிறுத்தத்தின் கையில் சிறிது வெல்டு வைத்து அரம் போட்டு அளவுக்குக் கொண்டு வரலாம்.

வெற்றிட அட்வான்ஸ் (வெற்றிடத்தால் டைமிங்கை முன்னே நகர்த்தும் பகுதி) பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேணும், ஆனால் முதலில் புல்லி கணக்கை யாராவது சொல்லட்டும். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

#4 கணக்கன்

சொல்கிறேன். எம்45 என்றால் ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், 737 சிசி. உங்கள் எஞ்சின் நான்கு ஸ்ட்ரோக் என்பதால் கிராங்க் ஒரு சுற்றுக்கு 1798-இல் பாதி, 899 சிசி குடிக்கும். ப்ளோயர் கிராங்க்கைவிட 1.7 மடங்கு வேகமாகச் சுற்றினால் 1253 சிசி தள்ளும். இரண்டுமே முழுதாக நிரம்பாது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விகித இழப்பு என்று வைத்தால் அது அடிபட்டுப் போகும். 1253-ஐ 899-ஆல் வகுத்தால் 1.39. அதாவது 5.7 பிஎஸ்ஐ. கிட் சொல்லும் 6 இங்கிருந்துதான் வருகிறது.

9 பிஎஸ்ஐ வேண்டுமென்றால் விகிதம் 1.97 ஆக வேண்டும். கிராங்க் புல்லி 130 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ப்ளோயர் புல்லி 76-லிருந்து 66-க்கு இறங்கும். 10 மி.மீ.தானே என்று தோன்றும். 8.8-ஐ 1.61-ஆல் பெருக்குங்கள்: 14.2.

சூடு தனிக்கணக்கு. ரூட்ஸ் வகை ப்ளோயரின் திறன் 60 சதவீதம் என்று கொண்டால், 6 பிஎஸ்ஐக்குக் காற்று சுமார் 50 டிகிரி செல்சியஸ் ஏறும், 9-க்கு 70. பெட்ரோல் ப்ளோயருக்குள்ளேயே ஆவியாவதால் நிஜத்தில் இதைவிடக் குறையும். கார்பரேட்டர் முன்னால் இருக்கும் அமைப்பின் பெரிய நன்மையே அதுதான். ஆனால் இந்த அமைப்பில் இன்டர்கூலர் போட முடியாது. குளிர்ந்த குழாயில் பெட்ரோல் படிந்து குட்டையாக நிற்கும், பேக்ஃபயர் வந்தால் வெடிக்கும் பெட்டியும் அவ்வளவு பெரிதாகிவிடும். ஆகவே 9 பிஎஸ்ஐ என்றால் கம்ப்ரஷனை 8-க்கும் கீழே கொண்டு வாருங்கள், இல்லையென்றால் அந்தப் புல்லியை வாங்காதீர்கள்.

சின்ன புல்லியில் பெல்ட் சுற்றிப் பிடிக்கும் பரப்பும் குறையும். வழுக்கினால் பூஸ்ட் மேல் ஆர்பிஎம்மில் ஏறாமல் இறங்கும். அதைப் பார்த்து இன்னும் சின்ன புல்லி போடுபவர்கள் இருக்கிறார்கள்!

#5 யாழ்_கராஜ்

நன்றி. இப்போது அந்த 1.39-ஐ வைத்துப் பாருங்கோ.

வெற்றிட அட்வான்ஸ் குழாய் கார்பரேட்டரில் செருகியிருக்கும். கார்பரேட்டர் ப்ளோயருக்கு முன்னால். ஆக்சிலேட்டர் பாதி திறந்து, மேனிஃபோல்டில் சரியாக வெளிக்காற்றின் அழுத்தம் நிற்கிறது என்று வையுங்கோ. பூஸ்ட் மீட்டர் பூச்சியம். எஞ்சினைப் பொறுத்தவரை அது பழைய வண்டியின் முழு ஆக்சிலேட்டர் சுமை. அந்த நேரம் ப்ளோயருக்கு முன்னால் அழுத்தம் 1-ஐ 1.39-ஆல் வகுத்தது, 0.72. பாதரச அளவில் 8 அங்குல வெற்றிடம். அது கேப்ஸ்யூலை இழுக்கப் போதும். முழுச்சுமையில் இருக்கும் எஞ்சினுக்கு மேலதிகமாக அட்வான்ஸ் போகும். முழு ஆக்சிலேட்டரில் நாக்கிங் (மிக்சர் தானாக வெடித்துத் தட்டும் சத்தம்) இல்லை, பாதியில் மட்டும் நாக்கிங் என்று கேட்டால் காரணம் அநேகமாக இதுதான்.

#6 ஊசி_ஜெட்

இதை ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. பைபாஸ் வால்வ் (ப்ளோயரைச் சுற்றிக் காற்றைத் திருப்பும் வழி) திறந்திருக்கும் வரை ப்ளோயரின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அழுத்தம்தான், அப்போது இந்தச் சிக்கல் இல்லை. பைபாஸ் மூடத் தொடங்கும் இடத்திலிருந்துதான் ஆபத்து. பைபாஸ் கேப்ஸ்யூலுக்கு வெற்றிடம் கார்பரேட்டருக்கும் ப்ளோயருக்கும் நடுவிலிருந்து எடுக்கப்பட வேண்டும். அந்த மெல்லிய குழாய் கழன்றாலோ வெடித்தாலோ பைபாஸ் எப்போதும் மூடியே கிடக்கும். சும்மா நெடுஞ்சாலையில் போகும்போதே ப்ளோயர் காற்றை அரைத்துச் சூடாக்கும், பெட்ரோலும் கூடக் குடிக்கும்.

வெற்றிட அட்வான்ஸை அடைத்துவிடுவது எளிய வழி. நிதானமான ஓட்டத்தில் மைலேஜ் குறையும், வேறு கெடுதல் இல்லை. நல்ல வழி, அழுத்தம் படிக்கும் புரோகிராமபிள் டிஸ்ட்ரிபியூட்டர், 123 டியூன் மாதிரி. அதன் குழாயைக் கார்பரேட்டரில் செருகாமல் ப்ளோயருக்குப் பின்னால் மேனிஃபோல்டில் செருகுங்கள். அங்கிருந்துதான் அது பூஸ்டைப் படிக்கும். அப்போது வெற்றிடத்தில் 36 டிகிரி வரை, வெளிக்காற்று அழுத்தத்தில் 29, முழு பூஸ்டில் 24 என்று தனித்தனியே கொடுக்கலாம்.

#7 ரோட்ஸ்டர்67

9 பிஎஸ்ஐ எண்ணத்தைக் கைவிட்டாயிற்று. 123 போடுவதென்றால் பாசிட்டிவ் எர்த் இடிக்குமா?

#8 திருப்புளி

இடிக்கும். வைட்பேண்ட் சென்சாரும் (எக்ஸாஸ்ட்ல காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கிறது) நெகட்டிவ் எர்த்தைத்தான் கேட்கும். மாத்துறது அரை நாள் வேலை. சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற ரெண்டு 6 வோல்ட் பேட்டரியையும் கழட்டித் திருப்பிப் போடுங்க. முனைகளோட தடிமன் வேற, கிளாம்ப் மாத்த வேண்டி வரும். டைனமோவைப் புதுத் துருவத்துக்குப் பழக்கணும்: எஃப் முனையில இருக்கிற ஒயரைக் கழட்டிட்டு, பேட்டரி பாசிட்டிவ்லேருந்து ஒரு ஒயரால அந்த முனையை ரெண்டு மூணு தடவை தொட்டு எடுங்க. சின்னப் பொறி வரும், போதும். காயில் ஒயர் ரெண்டையும் இடம் மாத்துங்க. டேக்கோமீட்டரை உள்ளே பிரிச்சு மாத்தணும். மறந்துட்டு சாவி போட்டா அது போச்சு.

#9 ஊசி_ஜெட்

பொருத்தும் வேலையில் எல்லோரும் கோட்டை விடும் இடம் மேனிஃபோல்ட் வாஷர். இந்த ஹெட்டில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், ஒரே கேஸ்கெட். பொது ஸ்டட்களில் ஒரு தடித்த வாஷர் பாதி இன்லெட் ஃபிளாஞ்சிலும் பாதி எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சிலும் உட்காரும். கிட்டின் இன்லெட் ஃபிளாஞ்ச் உங்கள் எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சைவிட அரை மி.மீ. தடித்திருந்தால் வாஷர் சாய்ந்து ஒரு பக்கத்தை மட்டுமே அமுக்கும். வெர்னியரால் இரண்டையும் அளந்து, தடித்ததை இழைத்துச் சமமாக்குங்கள், அல்லது வாஷரில் படி வெட்டுங்கள். இறுக்கம் 15 பவுண்ட்-அடி, சுமார் 20 நியூட்டன் மீட்டர். நடுவிலிருந்து வெளியே. ஒருமுறை சூடாகி ஆறிய பின் மறுபடி.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கசிவு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து விளைவு வேறு. கார்பரேட்டருக்கும் ப்ளோயருக்கும் நடுவே கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய் மிக்சர் லீன் (பெட்ரோல் குறைவு) ஆகும். ப்ளோயருக்குப் பின்னால் கசிந்தால் ஐடிலில் லீன், பூஸ்டில் பெட்ரோல் மிக்சர் வெளியே பீய்ச்சும். அதற்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். தீயணைப்பான் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும்.

இதே காரணத்தால், குழாய் வழியாக வேலை செய்யும் பூஸ்ட் மீட்டரை டாஷ்போர்டில் வைக்காதீர்கள். அந்தக் குழாயில் வருவது காற்று அல்ல, பெட்ரோல் கலந்த காற்று. எஞ்சின் அறையிலேயே சென்சார் வைத்து, ஒயர் மட்டும் உள்ளே வரட்டும்.

#10 யாழ்_கராஜ்

கிராங்க் கேஸ் ப்ரீதரையும் கவனியுங்கோ. உங்கள் வருட வண்டியில் ஸ்மித்ஸ் பிசிவி வால்வ் (கிராங்க் கேஸ் புகையை இழுப்பது) மேனிஃபோல்டில் இருக்கும். அதை அப்படியே புது மேனிஃபோல்டுக்குக் கொண்டு போனால் பூஸ்ட் நேரே எஞ்சினின் அடிவயிற்றுக்குள் போகும். டிப்ஸ்டிக் எழும்பும், பின் சீலால் ஒயில் க்ளட்ச்சுக்கு வரும். எச்ஐஎஃப்44-இல் பட்டர்ஃப்ளைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ப்ரீதருக்கென்றே ஒரு முனை உண்டு. முன் டெப்பட் மூடியிலிருந்து அங்கே இணையுங்கோ, எண்ணெய்ப் பொறி ஒன்று நடுவில் இருக்கட்டும். புகையோடு ஒயில் அதிகம் போனால் ஆக்டேன் குறைந்த மாதிரித்தான், நாக்கிங் கூடும்.

பிரேக் சர்வோ பின்னாளில் போட்டிருந்தால் அதற்கும் ஒருவழி வால்வ் வேணும். ஊதிப் பார்த்து, இறுக்கமாக அடைக்கிறதா என்று உறுதி செய்த வால்வ்.

#11 அம்பி_1489

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். அம்பாசடர் 1489 சிசி எஞ்சினும் இதே பி-சீரிஸ் குடும்பம்தானே, இந்தக் கிட் உட்காருமா?

#12 கணக்கன்

குடும்பம் அதேதான். ஸ்ட்ரோக் 88.9 மி.மீ., எம்ஜிபியின் அதே அளவு. துளை மட்டும் 80.26-க்குப் பதில் 73.025. ஆனால் அதற்கு மூன்றே மெயின் பேரிங். கிட்டை அப்படியே போட்டால் 1253-ஐ 744-ஆல் வகுக்க வேண்டும்: 1.68, அதாவது 10 பிஎஸ்ஐ. மூன்று பேரிங் கிராங்க்குக்கு அது கொலை. 5-இல் நிறுத்த விகிதம் 1.35-க்கு இறங்க வேண்டும், அதாவது பெரிய ப்ளோயர் புல்லி. எஞ்சின் அறை வேறு என்பதால் தாங்கிகளையும் புதிதாகச் செய்ய வேண்டும். இந்தியாவில் பதிவான வண்டி என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவையும் (வண்டியில் மாற்றம் செய்வது பற்றியது) ஒருமுறை படித்துவிடுங்கள்.

#13 அம்பி_1489

புரிஞ்சுது. பழைய மினி கூப்பர் எஸ் வண்டியிலிருந்து எம்45 வாங்கலாமா?

#14 கணக்கன்

ஆர்53 மினியில் இருப்பதும் எம்45தான். ஆனால் அதன் பின்முனை தண்ணீர் பம்ப்பை ஓட்டும் பல்சக்கரத்தோடு வரும். அதை நீக்கி மூட வேண்டும். பழைய யூனிட் என்றால் பல்சக்கர அறையின் எண்ணெய் வற்றியிருக்கும், முதல் வேலை அதை மாற்றுவது.

#15 ஊசி_ஜெட்

ட்யூனிங்கைப் பற்றி யாரும் பேசவில்லை. வைட்பேண்ட் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். காற்று-எரிபொருள் விகித இலக்கு: சும்மா ஓடும்போது 14-லிருந்து 14.5, வெளிக்காற்று அழுத்தத்தில் 13, முழு பூஸ்டில் 12.

எஸ்யூவில் மிக்சரைத் தீர்மானிப்பது ஊசி. எச்ஐஎஃப்44-இன் ஜெட் 2.54 மி.மீ. ஊசியின் தடிமனை 3.175 மி.மீ.க்கு ஒரு நிலையம் என்று அளப்பார்கள். பெட்ரோல் போவது ஜெட்டுக்கும் ஊசிக்கும் நடுவே உள்ள வளையத்தில். ஒரு நிலையத்தில் ஊசி 1.80 மி.மீ. தடிமன், அங்கே விகிதம் 13.2 காட்டுகிறது, 12 வேண்டும் என்றால் 10 சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். 2.54-இன் வர்க்கத்திலிருந்து 1.80-இன் வர்க்கத்தைக் கழித்தால் 3.21. 10 சதவீதம் கூட்டினால் 3.53. திருப்பிக் கணக்கிட்டால் ஊசி 1.71 மி.மீ. இருக்க வேண்டும். 0.09 மி.மீ.தான் வித்தியாசம். மிக்சர் திருகைத் திருப்பி ஜெட்டை இறக்கினால் எல்லா நிலையமும் சேர்ந்து ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகும், ஐடில் கெடும். ஆகவே அளவுப் பட்டியலைப் பார்த்து வேறு ஊசி வாங்குங்கள், அல்லது எமரி தாளில் அந்த இடத்தை மட்டும் இழைத்து மைக்ரோமீட்டரில் பாருங்கள்.

எந்த நிலையத்தில் ஓடுகிறது என்று அறிய, டேம்பர் மூடி வழியே மெல்லிய கம்பி ஒன்றைப் பிஸ்டன் மேல் நிற்க வைத்து ரோலிங் ரோடில் (வண்டியை உருளைகள் மேல் ஓட்டிச் சோதிக்கும் மேடை) பார்க்கலாம். பிஸ்டன் உச்சியில் முட்டிவிட்டால் அதன்பின் எஸ்யூவும் நிலையான வென்டூரிதான், தன்னைத் தானே சரிசெய்யாது. மேல் ஆர்பிஎம்மில் லீன் ஆகிறதா என்று அங்கேதான் கவனிக்க வேண்டும்.

பெட்ரோல் அழுத்தம் 3 பிஎஸ்ஐ போதும். வேறு பம்ப் போட்டு 5 கொடுத்தால் ஃப்ளோட் வால்வ் தாங்காது, ப்ளோயருக்குள் பெட்ரோல் வழியும். பிளக் என்ஜிகே பிபி6இஎஸ்-க்குப் பதில் பிபி7இஎஸ், இடைவெளி 0.7 மி.மீ.

#16 திருப்புளி

ஒண்ணு விட்டுப்போச்சு. கிராங்க் புல்லியில டேம்பர் இருக்கு, உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவுல ரப்பர். அம்பது வருஷத்துக்கு மேலான ரப்பர் நழுவியிருக்கும். டைமிங் குறி வெளி வளையத்துல இருந்தா, நீங்க 24-னு பாக்கிறது நிஜத்துல 30-ஆ இருக்கலாம். நம்பர் 1 பிளக் துளையில பிஸ்டன் நிறுத்தி போட்டு, கிராங்கை ரெண்டு பக்கமும் திருப்பி முட்டுற இடத்துக்கு நடுப்புள்ளியைக் குறிங்க. பழைய குறியோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. நழுவியிருந்தா புது டேம்பர்தான், ஏன்னா ப்ளோயர் பெல்ட்டும் அதே முனையைத்தான் இழுக்கப் போகுது. கிராங்க் நட்டுக்கு 70 பவுண்ட்-அடி.

#17 ரோட்ஸ்டர்67

டேம்பர் குறி 4 டிகிரி நழுவியிருக்கிறது. புதிது போட்டாயிற்று. கிட்டும் பொருத்தியாயிற்று, பூஸ்ட் 5.5. ஒரு சிக்கல்: சூடான பிறகு ஐடில் 1,400-இல் தொங்குகிறது, ஆக்சிலேட்டரைத் தட்டினால் 900-க்கு வருகிறது, மறுபடி ஏறுகிறது. கசிவு சோதனையில் எதுவும் இல்லை.

#18 ஊசி_ஜெட்

கார்பரேட்டரின் பட்டர்ஃப்ளையைப் பாருங்கள். வட்டத் தகட்டில் ஸ்ப்ரிங் வைத்த சின்ன வால்வ் ஒன்று இருந்தால் அதுதான். ஆக்சிலேட்டரை விடும்போது புகை குறையட்டும் என்று வைத்தது. ஸ்ப்ரிங் தளர்ந்தால் ஐடில் வெற்றிடத்திலேயே திறந்துகொள்ளும். ஈயம் வைத்து அடையுங்கள், அல்லது வால்வ் இல்லாத தகடு போடுங்கள். தகட்டின் இரண்டு திருகுகளின் பிளந்த முனைகளையும் விரித்துவிட மறக்காதீர்கள். அவிழ்ந்தால் அடுத்து போய் விழும் இடம் ப்ளோயர் ரோட்டர்.